வலித்தால் தூக்க வேண்டிய கை

மோட்டாரை நிறுத்தினேனா இல்லையா என்று தெரியவில்லை. வீட்டைப் பூட்டியது ஞாபகம் இருக்கிறது, சாவியைக் கைப்பையில் போட்டது, தாரிகாவுக்கு ஹெல்மெட் மாட்டிவிட்டது, கேட்டைச் சாத்தும்போது அதன் அடிக்கம்பி சிமெண்டில் உரசி எனக்குப் பல் கூசியது, எல்லாம் இருக்கிறது, சுவிட்சில் கை வைத்தது மட்டும் இல்லை. இந்நேரம் தொட்டி நிரம்பி மொட்டைமாடியெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். ஹவுஸ் ஓனர் போன் செய்வார், செய்யட்டும், எடுத்தால்தானே. இந்தப் பல் ஆஸ்பத்திரியின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு இடுப்பு என்று ஒன்று இருப்பதே தெரிகிறது. காலையிலிருந்து பனியன் கம்பெனியில் நின்றபடியே செக்கிங், அப்புறம் லீவு சொல்லப் போய் சூப்பர்வைசர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதைப் பார்த்தது, பள்ளிக்கூடத்தில் இவளைக் கூப்பிட்டுக்கொண்டது, வீட்டில் ரசம் சோற்றைக் குழையப் பிசைந்து கொடுத்தது, மறுபடி வெயிலில் வண்டி. சுவரில் டி.வி. சத்தமில்லாமல் ஓடுகிறது. யாரோ ஒரு அம்மாள் சிரித்துக்கொண்டே முறுக்கு பிழிகிறாள். பல் ஆஸ்பத்திரியில் வந்து முறுக்கு. யார் இந்தச் சேனலை வைத்தது என்று எரிச்சல் வருகிறது, ரிமோட் எங்கே இருக்கிறது என்று கேட்க வாய் வரவில்லை, அவ்வளவு அலுப்பு. கவுன்ட்டரில் இருக்கும் பெண் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கி, "பாப்பாவுக்கு நீங்க அம்மாங்களா?" என்று கேட்கிறாள். ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போகலாம், யாருக்கு என்ன நஷ்டம். அதற்குள் தாரிகா, "சித்திங்க" என்று பதில் சொல்லிவிடுகிறாள். மரியாதையாக, தெளிவாக, பரீட்சையில் விடை சொல்வதுபோல. அந்தப் பெண் என்னை ஒரு பார்வை பார்க்கிறாள். இந்தப் பார்வை எனக்குப் பழகிவிட்டது. தாரிகா என் வீட்டுக்காரர் பூபதியின் மூத்த தாரத்து மகள். பெற்றவள் இவளுக்கு விவரம் தெரியும் முன்பே காய்ச்சலில் போய்விட்டாள். போன ஆவணியில் நான் திருச்சியிலிருந்து இந்தத் திருப்பூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். அன்றிலிருந்து இந்தப் பார்வையும் கூடவே வந்துகொண்டிருக்கிறது.

பக்கத்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள். மூன்றாம் வகுப்பு யூனிஃபார்ம், வலது கையில் தண்ணீர் பாட்டில், இடது கை தொடைக்கு அடியில். எங்கே போனாலும் அந்தக் கையின் மேல்தான் உட்காருவாள், சாப்பிடும்போதும் அப்படித்தான், எவ்வளவு அடக்கமான பிள்ளை என்று பார்ப்பவர்கள் சொல்வார்கள். பயமா இருக்கா தாரிகா. "இல்லீங்க." தண்ணி குடிக்கிறியா. "வேண்டாங்க." இங்கே மாறி உக்காந்துக்கோ, ஃபேன் காத்து வரும். "போதுங்க சித்தி." இந்த ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் 'ங்க' போடுகிறார்கள். பஸ் கண்டக்டர் போடுகிறார், காய்காரர் போடுகிறார், கட்டினவளிடம் பூபதிகூடச் சில சமயம் போடுகிறார். அதனால் இவள் எனக்குப் போடும் 'ங்க' ஊர் வழக்கமா, இல்லை என்னை அதற்குமேல் கிட்டே வராதே என்று நிறுத்தி வைக்கிற 'ங்க'வா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. எங்கள் பக்கத்தில் பிள்ளைகள் அம்மாவை வா போ என்றுதான் பேசும். அழும், காலைக் கட்டிக்கொள்ளும், வேண்டாம் என்றால் தட்டைத் தள்ளிவிடும். இவள் ஒருநாளும் தட்டைத் தள்ளியதில்லை. உப்பு அதிகமா என்று கேட்டால் நல்லாருக்குங்க என்பாள், நான் சாப்பிடும்போதுதான் தெரியும் வாயில் வைக்க முடியாது என்று. செருப்பு கடித்துக் குதிகாலில் தோல் உரிந்ததைக்கூட ரத்தம் சாக்ஸில் ஒட்டியிருந்ததைத் துவைக்கும்போதுதான் பார்த்தேன். வலிச்சிருக்குமே, ஏன் சொல்லலை என்றால், "பரவாயில்லீங்க." இந்தப் பரவாயில்லீங்கவை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. அடம் பிடிக்கிற பிள்ளையைச் சமாளிக்க நான் ஒரு பட்டாளமே திரட்டிக்கொண்டு வந்திருந்தேன், என் அக்கா பிள்ளைகளிடம் பழகிய வித்தையெல்லாம் கையில் இருந்தது. எதற்கும் வேலையில்லை. சித்தி கொடுமை என்பார்களே, இங்கே கொடுமை செய்யவும் இடமில்லை, கொஞ்சவும் இடமில்லை. விருந்தாளிப் பிள்ளையை வைத்துக்கொண்டிருப்பது மாதிரி இருக்கிறது.

அந்த டி.வி. அம்மாள் இன்னும் முறுக்கை விடவில்லை. தீபாவளிக்கு நானும் சுட்டேன். அரிசி மாவு கொஞ்சம் கூடிப்போய்க் கல்மாதிரி வந்தது, பூபதி ஒன்றைக் கடித்துவிட்டு வீடு கட்ட எடுத்து வைக்கலாம் என்றார். தாரிகா மட்டும் தினமும் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து ஒன்று எடுத்துக் கடித்தாள், நல்லாருக்குங்க சித்தி என்றாள். அப்போதே அந்தப் பல் சொத்தை. அப்போதே உள்ளே வேர்வரை போயிருந்தது என்று டாக்டர் போன தடவை எக்ஸ்ரேயைக் காட்டிச் சொன்னார். வலிக்கிற பல்லை வைத்துக்கொண்டு என் கல் முறுக்கைக் கடித்திருக்கிறாள். ரொம்ப நாளாக ஒரு பக்கமாகவேதான் மென்றிருக்கிறாள், மெல்லாத பக்கத்தில் கறை ஏறியிருக்கிறது பாருங்க என்று டாக்டர் கண்ணாடியை வைத்துக் காட்டியபோது எனக்கு அந்த அறையை விட்டு ஓடிவிடலாம் போல இருந்தது. கம்பெனியில் ஒரு தையல் விட்டிருந்தால் என் கண்ணுக்குத் தப்பாது, ஓடுகிற வேகத்தில் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளிவிடுவேன், சுகந்தி கையில் போனால் ஓட்டை பனியன் வெளியே போகாது என்று பேர். வீட்டில் ஒரு பிள்ளை மாதக்கணக்கில் ஒரு பக்கமாகச் சோறு தின்றது தெரியவில்லை. பூபதியின் அக்கா ஒரு காதுகுத்து வீட்டில் பந்தியில் வைத்துக் கேட்ட பிறகுதான் தெரிந்தது. "ஏனம்மிணி, பாப்பாவுக்குக் கன்னம் இப்புடி வீங்கிக் கெடக்குது, நீ பாக்கலியா? என்ன இருந்தாலும்..." என்று அங்கேயே நிறுத்திக்கொண்டார். நிறுத்தாமல் சொல்லி முடித்திருந்தால்கூட நான் பதில் சொல்லியிருப்பேன். அந்த என்ன இருந்தாலும் தொண்டையில் மாட்டிக்கொண்டு இன்னும் இறங்கவில்லை. அப்புறம் ஆளாளுக்கு யோசனை. விழுகிற பால் பல்லுக்குப் போய் ரூட் கெனாலா, பிடுங்கிப் போட்டால் தீர்ந்தது. அடியில் இருக்கும் புதுப்பல் வர இன்னும் வருஷங்கள் ஆகும், இந்த இடம் அடைத்துப்போனால் அது கோணலாக வரும், அதனால் உள்ளே சுத்தம் செய்து அடைத்துக் காப்பாற்றலாம் என்று டாக்டர் சொன்னதை ஒவ்வொருவரிடமும் நான்தான் திருப்பித் திருப்பிச் சொன்னேன். பூபதி ஆஸ்பத்திரி வாசல்வரை வருவார், ஸ்பிரிட் வாடை பட்டால் அவருக்குத் தலை சுற்றும். நல்ல சாக்கு. என் நாக்கு தன்பாட்டுக்குப் பின்னால் போகிறது, அங்கே எனக்கு ஒரு பல் கிடையாது, சின்ன வயதில் பிடுங்கிய இடம், அசதி வந்தால் நாக்கு அந்தப் பள்ளத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும். மோட்டார். நிறுத்தியிருக்க மாட்டேன். கண்டிப்பாக நிறுத்தியிருக்க மாட்டேன்.

"தாரிகா பாப்பா உள்ள வாங்க." எழுந்திருக்கிறாள். பாட்டிலை என்னிடம் கொடுக்கிறாள், வலது கையால், பாவாடையைச் சரிசெய்துகொள்கிறாள், நான் கையைப் பிடிக்கலாமா என்று யோசிப்பதற்குள் நடந்துவிட்டாள். உள்ளே குளிர்ச்சி, கிராம்பு எண்ணெய் வாசம், விட்டத்தில் பட்டாம்பூச்சி ஸ்டிக்கர்கள். டாக்டர் சின்ன வயதுப் பெண், நல்ல பேச்சு. படுக்கைபோலச் சாயும் நாற்காலியில் தாரிகாவைப் படுக்க வைத்து, கழுத்தில் துணியை மாட்டி, என்ன கிளாஸ், எந்த டீச்சர் பிடிக்கும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். எல்லாவற்றுக்கும் ஒரே வார்த்தையில் பதில். "அம்மா நீங்க கால்பக்கம் அந்த ஸ்டூல்ல உக்காந்துக்கங்க. காலைப் பிடிச்சுக்கங்க. சில பாப்பாங்க உதைச்சுருவாங்க." இவள் உதைக்க மாட்டாள் டாக்டர், உதைத்தால் நான் சந்தோஷப்படுவேன் என்று சொல்ல நினைத்துச் சொல்லவில்லை. கால் இரண்டையும் பிடித்துக்கொள்கிறேன். இவ்வளவு நேரம் இவளைத் தொட்டு நான் உட்கார்ந்ததே இல்லை என்று இப்போதுதான் தோன்றுகிறது. தலை சீவும்போது தொடுவேன், அதுவும் அவள் ரிப்பனை எடுத்து நீட்டுகிற அவசரத்தில் முடிந்துவிடும். கால் ஜில்லென்று இருக்கிறது. கட்டைவிரலில் யாரோ போட்டுவிட்ட நெயில் பாலிஷ் பாதி உரிந்து கிடக்கிறது. கொலுசு என் மணிக்கட்டில் அழுத்துகிறது. டாக்டர் குனிந்து, "கண்ணு, இங்க பாரு. ஊசி எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும். அப்புறம் மரத்துப்போயிரும். அப்பவும் வலிச்சா நீ வாயால சொல்ல முடியாதில்ல, அதுக்கு இந்த இடது கை இருக்குது பாரு, இதைத் தூக்கிக் காட்டு. தூக்குனா நான் என்ன பண்ணிக்கிட்டிருந்தாலும் நிறுத்திருவேன். வலது கைப்பக்கம் என்னோட சாமானெல்லாம் இருக்குது, தட்டிரும். இடது கை. சரியா சாமி?" என்கிறார். தாரிகா தலையைத் தூக்கி என்னைப் பார்க்கிறாள். பெரிய கண்கள். பயந்துவிட்டாள், ஊசி என்றதும் பயந்துவிட்டாள் என்று நினைத்துக்கொள்கிறேன், ஒண்ணுமில்ல, டாக்டர் சொல்றபடி கேளு என்கிறேன். தலையாட்டிவிட்டுப் படுத்துக்கொள்கிறாள்.

ஊசியை நான் பார்க்கவில்லை. பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சின்ன உதறல், அவ்வளவுதான். "ஐயோ என்ன நல்ல பாப்பா, அழுகவே இல்ல பாருங்க சிஸ்டர்" என்கிறார் டாக்டர். மரத்துப்போகக் காத்திருக்கிறோம். எங்கேயோ ஒரு பிள்ளைக்கு ஊசி ஒத்துக்கொள்ளாமல் என்று யாரோ கம்பெனியில் சொன்னது ஞாபகம் வருகிறது, ஏன் இப்போது வரவேண்டும், போ என்றால் போகமாட்டேன் என்கிறது. ஏதாவது ஆனால் என்ன சொல்வார்கள். முதலில் பூபதியின் அக்கா, என்ன இருந்தாலும். அப்புறம் கவுன்ட்டர் பெண். அப்புறம் ஹாலில் மாட்டியிருக்கும் போட்டோவில் இருப்பவள். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அந்தப் போட்டோவை நான்தான் துடைத்துப் பூ வைக்கிறேன், நானும் உன் பிள்ளையை நல்லபடியாகப் பார்த்துக்கொள்ளத்தான் பார்க்கிறேன், அவள் எதுவும் சொல்லமாட்டேன் என்கிறாளே நான் என்ன செய்ய என்று மனசுக்குள் சண்டை போடுவேன். அவளும் எதுவும் சொல்ல மாட்டாள். அந்த வீட்டில் என்னைத் தவிர யாருமே எதுவும் சொல்வதில்லை. இதோ தாரிகாவின் மார்பு ஏறி இறங்குகிறது, நன்றாகத்தான் இருக்கிறாள், உதட்டைத் தொட்டுப் பார்க்கிறாள், மரத்துப்போன உதடு அவளுக்கு வேடிக்கையாக இருக்கிறது. சுகந்தி, சும்மா இரு. டாக்டர் மாஸ்க்கை ஏற்றிக்கொள்கிறார், விளக்கு இறங்குகிறது, மிஷின் சத்தம் கிளம்புகிறது. அந்தச் சத்தத்துக்கு என் பல் இல்லாத பள்ளமும் கூசுகிறது. சிஸ்டர் எச்சிலை உறிஞ்சும் குழாயை வாயில் வைத்திருக்கிறாள், அது குடிக்கிற சத்தம், டாக்டரின் கால் பெடலில் ஏறி ஏறி இறங்குகிறது. கருகின நாற்றம். பல்லா கருகுகிறது. "சூப்பர் பாப்பா, ஆடவே இல்ல. பெரியவங்களே இப்புடிப் படுக்க மாட்டாங்க." மிஷினை வைத்துவிட்டு மெல்லிய கம்பி ஊசி ஒன்றை எடுக்கிறார், மஞ்சள் பிடி போட்டது, அதைப் பல்லுக்குள் விட்டுத் திருகி எடுக்கிறார், மறுபடி விடுகிறார். தாரிகாவின் கட்டைவிரல் மடங்குகிறது.

முதலில் கூச்சம் என்று நினைத்தேன், நான் பிடித்ததில் கிச்சுகிச்சு ஆகியிருக்கும் என்று பிடியைத் தளர்த்தினேன். மறுபடி மடங்குகிறது. இப்போது எல்லா விரல்களும் சேர்ந்து, உள்ளங்கால் குழிந்து, நகம் என் கைக்குள் குத்துகிறது. கம்பி வெளியே வரும்போது விரல்கள் விரிகின்றன. உள்ளே போகும்போது மடங்குகின்றன. விரிகின்றன. மடங்குகின்றன. முகத்தைப் பார்க்கிறேன், முகத்தில் டாக்டரின் கைதான் இருக்கிறது, அதற்கு மேல் கண்கள் மூடியிருக்கின்றன, கண்ணோரத்தில் தண்ணீர் கோடு போட்டுக் காதுக்குள் இறங்குகிறது. விளக்கு வெளிச்சம் பட்டால் எனக்கும்தான் கண்ணில் தண்ணீர் வரும். வலித்தால் கையைத் தூக்கச் சொல்லியிருக்கிறார்களே, தூக்கவில்லையே, அப்படியானால் வலிக்கவில்லை. வலிக்கவில்லை என்றால் இந்தக் கால் ஏன் இப்படிச் செய்கிறது. கை எங்கே. வலது கை துணியின் மேல் மடங்கிக் கிடக்கிறது. இடது கை காணோம். இடது கை தொடைக்கு அடியில் இருக்கிறது. படுத்துக்கொண்டும் அதன் மேலேயே படுத்திருக்கிறாள், முழங்கைவரை உள்ளே கொடுத்து அழுத்திக்கொண்டு. ஏன் அந்தக் கையை இப்படி... அந்தக் கை. நொட்டாங்கை. கல்யாணம் முடிந்து வந்த வாரம், சொந்தக்காரர் வீட்டு விருந்தில் பெரியவர் ஒருவர் லட்டு நீட்டினார், இவள் ஆசையாக இடது கையை நீட்டினாள், பூபதியின் அக்கா பட்டென்று அந்தக் கையில் ஒரு அடி வைத்தார், பெரியவங்களுக்கு நேரா அந்தக் கையையா நீட்டுவ என்று. இவள் இடது கைக்காரி. பூபதி சொல்லியிருந்தார், பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோதே டீச்சரிடம் சொல்லிப் பென்சிலை மாற்றிவிட்டோம் என்று. பொம்மைக்குத் தலை வாரும்போது, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தால், இடது கையால்தான் வாருவாள். நான் பார்த்துவிட்டுத் தண்ணீர் குடிக்க வந்ததுபோலப் போய்விடுவேன். ஆனால் கோயிலில் ஐயர் விபூதி நீட்டியபோது, கடையில் மீதிச் சில்லறை வாங்கும்போது, பக்கத்து வீட்டு ஐயாவுக்குப் பேப்பர் கொடுக்கும்போது, நானும்தான் சொன்னேன். அந்தக் கை வேண்டாம் தாரிகா. நல்ல கையில வாங்கு. பெரியவங்ககிட்ட அந்தக் கையை நீட்டக்கூடாது. அடிக்கவில்லை, அன்பாகத்தான் சொன்னேன், ஊரெல்லாம் சொல்வதுதான், எனக்கும் என் அம்மா சொன்னதுதான். அதன் பிறகுதான் அதன்மேல் உட்கார ஆரம்பித்தாளா. தப்பித்தவறி அது நீண்டுவிடக்கூடாது என்றுதான் இத்தனை நாளும் அதன்மேல் உட்கார்ந்திருக்கிறாளா. டாக்டர் இடது கை என்றதும் என்னைப் பார்த்தாளே. அது ஊசி பயம் இல்லை. அவள் என்னிடம் கேட்டாள். இந்தம்மா பெரியவர், இவருக்கு நேரே அந்தக் கையைத் தூக்கலாமா என்று கேட்டாள். நான் டாக்டர் சொல்றபடி கேளு என்று பொதுவாகச் சொன்னேன், அவளோ சித்தி தூக்கலாம் என்று சொல்லவில்லை என்று எடுத்துக்கொண்டுவிட்டாள். விரல்கள் மடங்குகின்றன. டாக்டர் நீலப் பிடி போட்ட கம்பியை எடுக்கிறார், முன்னதைவிடத் தடிமன். வெளியே சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை, நிறுத்துங்கள் என்று ஒரு வார்த்தை, அது தொண்டையில் அந்த என்ன இருந்தாலுமின் பக்கத்தில் போய் நின்றுகொண்டது. நான் என் இடது கையைத் தூக்கினேன்.

சிஸ்டர்தான் முதலில் பார்க்கிறாள். "டாக்டர், இவங்க கையைத் தூக்கறாங்க." டாக்டர் கம்பியை வெளியே எடுத்துவிட்டுத் திரும்புகிறார். "என்னாச்சுங்க? தலை சுத்துதுங்களா? வெளிய போயி உக்காருங்க, சிஸ்டர் தண்ணி குடுப்பாங்க." எனக்கில்லீங்க டாக்டர், அவளுக்கு வலிக்குது என்கிறேன். "பாப்பா கையைத் தூக்கலியே." தூக்க மாட்டா டாக்டர் என்று சொல்லும்போதே என் குரல் உடைந்துவிடுகிறது, அசதி, காலையிலிருந்து நின்ற அசதி, வேறென்ன. இன்னும் கையை இறக்கவில்லை நான். மடியில் கைப்பைக்குள் போன் அதிர்கிறது, ஹவுஸ் ஓனர், மோட்டார், ஓடட்டும். டாக்டர் வாயிலிருந்து பஞ்சை எடுத்து, "வலிச்சுதா கண்ணு?" என்கிறார். தாரிகா அவரைப் பார்க்கவில்லை, தூக்கியிருக்கும் என் கையைப் பார்க்கிறாள். "பெரியவங்களுக்கு நேரா அந்தக் கையை நீட்டக்கூடாதுங்கல்ல" என்கிறாள், மரத்துப்போன உதட்டில் வார்த்தை வழுக்கி வழுக்கி வருகிறது. "நீங்கதானுங்க சொன்னீங்க." குற்றம் சொல்கிற குரல் இல்லை, படித்த பாடத்தைச் சரியாக ஒப்பிக்கிறாள். சிஸ்டர் வேறுபக்கம் பார்க்கிறாள். டாக்டர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அய்யோ சாமி" என்று மட்டும் சொல்கிறார். நான் எழுந்துபோய் அவள் தொடைக்கு அடியிலிருந்து அந்தக் கையை எடுக்கிறேன். சிவந்து கிடக்கிறது, நாற்காலியின் தையல் அடையாளம் உள்ளங்கையில் பதிந்திருக்கிறது. சித்தி தப்பாச் சொல்லிட்டேன் தாரிகா. இந்தக் கையைத் தூக்கலாம். டாக்டருக்குத் தூக்கலாம், எனக்குத் தூக்கலாம், அத்தைக்கும் தூக்கலாம், யார் என்ன சொன்னாலும் நான் பார்த்துக்கறேன். அவள் நம்பின மாதிரித் தெரியவில்லை. ஏன் நம்பவேண்டும். டாக்டர் இன்னொரு ஊசி போடுகிறார், சீழ் பிடித்த பல்லில் சில சமயம் மருந்து சரியாக ஏறாதுங்க என்கிறார், இந்த முறை நான் ஊசியைப் பார்த்தேன், பார்க்கத்தான் வேண்டும் என்று பார்த்தேன்.

மறுபடி காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கம்பி உள்ளே போகிறது, விரல்கள் மடங்கவில்லை. நன்றாக மரத்திருக்கிறது. அப்பாடா என்று மூச்சை விடும்போது துணிக்கு அடியிலிருந்து அந்தக் கை வருகிறது. முதலில் இரண்டு விரல், அப்புறம் மணிக்கட்டு, தூக்கலாமா வேண்டாமா என்று காற்றில் கொஞ்சம் நின்று, தூக்கிவிட்டாள். டாக்டர் நிறுத்திவிடுகிறார். "வலிக்குதாடா?" இல்லை என்று தலை ஆடுகிறது. "பின்ன?" வாயை இன்னும் அகலமாகத் திறக்கிறாள். சரி என்று மறுபடி ஆரம்பிக்கிறார். கொஞ்ச நேரத்தில் மறுபடி கை. இந்த முறை தயங்காமல், நேராக, வகுப்பில் விடை தெரிந்த பிள்ளைபோல. மறுபடி நிறுத்துகிறார். வலி இல்லை. தூக்கினால் நிற்கிறதா என்று பார்க்கிறாள். சொன்னால் சொன்னபடி நடக்கிறதா என்று சோதித்துப் பார்க்கிறாள், என்னை இல்லை, எல்லோரையும். இன்னும் ஒருமுறை. டாக்டர் மாஸ்க்குக்கு மேலே கண்ணால் என்னைப் பார்க்கிறார், வெளியே ஆட்கள் காத்திருக்கிறார்கள், நேரமாகிறது, நீங்களாவது சொல்லுங்கள் என்கிற பார்வை. எனக்கும் இடுப்பு விட்டுப்போகிறது, ஸ்டூலுக்குச் சாய்மானம் கிடையாது, தலைவலி பின்மண்டையிலிருந்து கிளம்பி நெற்றிக்கு வந்துவிட்டது. தூக்கட்டும் டாக்டர், கொஞ்சம் பொறுத்துக்கங்க என்கிறேன். டாக்டர் சிரித்துவிடுகிறார். நல்ல பெண். கையைத் தூக்கத் தூக்க நிறுத்தி நிறுத்தி, ஒருவழியாகப் பல்லை மருந்து வைத்து அடைத்து முடிக்கிறார். அடுத்த வாரம் வாங்க, மேலே தொப்பி மாதிரி ஒன்று மாட்டிவிடலாம், மரத்துப்போனது தெளியும்வரை கன்னத்தைக் கடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கங்க என்கிறார். தாரிகா இறங்கி நின்று, வாயைத் துடைத்துக்கொண்டு, டாக்டருக்குத் தேங்க்ஸ் சொல்கிறாள். கவுன்ட்டரைத் தாண்டும்போது அந்தப் பெண், "பாப்பா அழுகவே இல்லீங்களா?" என்று கேட்கிறாள். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் தாரிகா சொல்லிவிடுகிறாள். "வலிச்சுதுங்க. நெம்ப வலிச்சுது."

வண்டியில் ஏறியதிலிருந்து ஆரம்பித்துவிட்டாள். சீட்டு சுடுதுங்க சித்தி. ஹெல்மெட் காதை அமுக்குதுங்க. நான் ஓரமாக நிறுத்திப் பட்டையைத் தளர்த்திவிடுகிறேன். கன்னம் பெரிசா இருக்கற மாதிரி இருக்குதுங்க, மத்தியானம் ரசத்துல புளி நெம்ப அதிகமுங்க, ரிப்பனை இறுக்கிக் கட்டறீங்க தலை வலிக்குதுங்க, அந்த முறுக்கு நல்லாவே இல்லீங்க. உதடு மரத்திருப்பதால் பாதி வார்த்தை எச்சிலோடு வருகிறது, முதுகில் என் ரவிக்கை நனைகிறது. போனில் ஹவுஸ் ஓனர் எத்தனை தடவை கூப்பிட்டாரோ, மொட்டைமாடியில் அவர் வீட்டில் காயப்போட்ட வடகமெல்லாம் கரைந்து ஓடியிருக்கும், போனவுடன் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளவேண்டும், பூபதி வந்தவுடன் என்னாச்சு என்று வாசலில் நின்றே கேட்பார், இட்லி மாவு இல்லை, இவளுக்கு ஆறவைத்த கஞ்சிதான், அது ஆறுவதற்குள் எனக்குத் தூக்கம் வந்துவிடும். புஷ்பா தியேட்டர் பக்கம் சிக்னலில் நிற்கிறோம். என் இடுப்பைச் சுற்றி ஒரு கை வந்து சேலையைப் பிடித்துக்கொள்கிறது. எந்தக் கை என்று குனிந்து பார்க்கிறேன். மிச்சமிருக்கும் தூரத்தை நினைத்தால் கண்ணைக் கட்டுகிறது, ஆனாலும் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடக்கூடாது என்று இருக்கிறது, வீட்டுக்குள் போனதும் பழையபடி பரவாயில்லீங்க ஆகிவிட்டால் என்ன செய்வது. பச்சை விழுகிறது. நான் மெதுவாகத்தான் வண்டியை எடுக்கிறேன். பின்னால் ஒரு வேன்காரர் விடாமல் ஹார்ன் அடிக்கிறார்.

"அவரை ஹார்ன் அடிக்க வேண்டான்னு சொல்லுங்க சித்தி," என்கிறாள். "அந்தச் சத்தம் பல்லுல வலிக்குது."